நேரில் ஆஜரான ஏரி

நெட்டிப்பாக்கத்து ஏரி தன் இடத்தை விட்டு எழுந்து, ஊர்த் தெருவைத் தாண்டி, முருங்கைத் தோப்பைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் இடது ஓரமாகவே ஒழுங்காக நடந்து செங்கழனி டவுனுக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். திங்கட்கிழமைதான் மனு நாள் என்று ஏரிக்கு எப்படித் தெரியும் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். தெரியாமல் என்ன, நோட்டீசிலேயே போட்டிருந்ததே. வழியில் டோல்கேட்டில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்து, சக்கரம் இல்லாததற்குக் கட்டணம் இல்லை என்று தடுப்பைத் தூக்கி விட்டுவிட்டார்கள். வந்த ஏரி ஆபீஸ் வாசலில் முண்டியடிக்கவில்லை, ஆள் பிடிக்கவில்லை, வரிசையில் போய் நின்றது. முன்னால் நின்ற பட்டா கேட்டு வந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வேட்டி நனையுது" என்றார். ஏரி தள்ளி நின்றது.

ஏரி நடக்குமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அந்த ஆபீசில் ஒரு கோப்பு இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நடக்கும் என்று ஊர் உலகமே நம்பியது, அதை நம்பினவர்களுக்கு இதை நம்ப என்ன கஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

வரிசையில் கொஞ்சம் பின்னால் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். நெட்டிப்பாக்கத்து ஊராட்சித் தலைவர். திங்கள் தவறாமல் அந்த வரிசையில் நின்று நின்று, அவள் நிற்கும் இடத்தில் தரையே கொஞ்சம் வழுவழுப்பாகிவிட்டிருந்தது. தன் ஊர் ஏரி தனக்கு முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, வயிற்றெரிச்சல். "பாவி, இம்மாந் தண்ணிய வெச்சுக்கிட்டா இத்தன வருசம் எங்கள தவிக்கவிட்ட" என்று கேட்டுவிட்டாள். ஏரி லேசாக அலையடித்தது. வெளியூர் போகும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் நல்ல புடவையை எடுத்து உடுத்துகிற மாதிரி, அது தன்னிடம் இருந்த பழைய தண்ணீரையெல்லாம் எங்கிருந்தோ எடுத்து நிரப்பிக்கொண்டு வந்திருந்தது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முன்னொரு பெருமழையில் கரை உடைந்து ஏரி மொத்தமும் கடலுக்குப் போனதிலிருந்து, மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கவில்லை. வரத்துக்கால்வாயில் வேலிகாத்தான் மண்டிவிட்டது. மேலே நல்ல தண்ணீர் நிற்காத ஊருக்குள் கடல் அடிவழியாகப் புகுந்து கிணறுகளை ஒவ்வொன்றாக உப்பாக்கியது. டீக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துப் பால் ஊற்றினால் திரிந்துபோனது. சோறு வெந்தால் விறைத்தது. அஞ்சலாட்சி தன் ஒரே மகள் செல்லக்கிளியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தாள், மகள் முகத்தை நினைத்தபோது பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரிய இடத்துச் சம்பந்தங்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளியவள் அவள். இப்போது மாப்பிள்ளை தேவராசு திருப்பூரில் ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தான்.

"இந்த ஐப்பசி மழை வரைக்கும் பாக்கறேன் அத்தை" என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். "ஏரியில தண்ணி நின்னா நாங்களும் நிக்கிறோம். நிக்கலைன்னா கெளம்பறோம். என்னை நீங்க தப்பா நினைக்கக்கூடாது."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவன் கிளம்பினால் அந்தத் தெரு கிளம்பும், தெரு கிளம்பினால் ஊர் கிளம்பும், கடைசியில் அஞ்சலாட்சி ஊராட்சி ஆபீசில் தனியாக உட்கார்ந்து காக்கைக்குத் தலைவராக இருக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டிய வேலை என்னவோ சின்னதுதான். உடைந்த கரையை மண் போட்டு அடைக்க வேண்டும், கால்வாயில் மண்டிய முள்ளை வெட்ட வேண்டும். ஆனால் ஏரி என்பது ஈரநிலம். ஈரநிலத்துக்குள் மண்வெட்டி வைக்க வேண்டுமென்றால் செங்கழனியில் இருக்கும் ஈரநில அனுமதிப் பிரிவு அனுமதிக்க வேண்டும். ஏரியைக் கெடுக்க வருகிறவர்களைத் தடுக்கத்தான் அந்த விதியைப் போட்டார்கள், நல்ல விதிதான், சும்மா சொல்லக்கூடாது. என்ன, ஏரியைக் கெடுக்கிறவனுக்கும் ஏரியைச் சரிபண்ணுகிறவனுக்கும் ஒரே விண்ணப்பப் பாரம். 'உங்கள் திட்டத்திலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு ரசாயனக் கழிவு வெளியேறும்' என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினாள் அஞ்சலாட்சி. 'இல்லை என்பதற்குச் சான்று இணைக்கவும்' என்று பாரம் திரும்பி வந்தது. ஏரியின் மேலண்டை மூலையைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டினவர் இருக்கிறாரே, அவர் பாரமே போடவில்லை. அதனால் அவருக்கு ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் தனஞ்செயன் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், அதுதான் தொந்தரவே. வாங்கியிருந்தால் எதையாவது செய்து கொடுத்திருப்பார். அவரிடம் சில ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன, எந்த மனு வந்தாலும் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்திவிடும் என்பது அவர் அனுபவம். மனுதாரர் என்ற இடத்தில் அஞ்சலாட்சி தன் பெயரை எழுதினால், 'தாங்கள் பாதிக்கப்பட்டவர் அல்ல' என்று வந்தது. ஊர்ப்பெயரை எழுதினால், 'பாதிக்கப்பட்டவரே நேரடியாக மனுச் செய்ய வேண்டும்' என்று வந்தது. போதுமடா சாமி என்று ஆகி, ஒரு நாள் கடுப்பில் மனுதாரர் பெயர் 'நெட்டிப்பாக்கத்து ஏரி' என்றும், முகவரி 'மதகடி, நெட்டிப்பாக்கம்' என்றும் எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு ஆட்சேபணை எதுவும் வரவில்லை. 'மனுதாரர் வரும் திங்கட்கிழமை நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி செய்யப்படும்' என்ற ஸ்டாம்பு மட்டும் விழுந்து நோட்டீசாக வந்தது.

நோட்டீசைக் கொண்டுவந்தது ஊர்த் தலையாரி முனிரத்தினம். அந்த வட்டாரத்திலேயே அவனுக்கு இருக்கிற தொண்டை வேறு யாருக்கும் கிடையாது, அவன் பக்கத்தில் நின்று ரகசியம் சொன்னால் பக்கத்து ஊரில் கல்யாணம் நின்றுபோகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நோட்டீசை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்பது முறை. மதகு மேல் ஏறி நின்று, வெடித்துக் கிடந்த ஏரியைப் பார்த்து அவன் ஆரம்பித்தான்.

"ஏன்யா, யாருக்குய்யா இப்படிக் கத்தற?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"மனுதாரருக்குத்தான் தலைவரம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

படித்து முடித்ததும் கைநாட்டு வேண்டுமே என்று யோசித்து, இறங்கிப்போய் ஏரிக்குள் கிடந்த கொஞ்சம் ஈரக் களிமண்ணை விரலில் எடுத்து, காகிதத்தின் அடியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டான். அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த திங்கட்கிழமைதான் ஏரி புறப்பட்டது.

ஆக, வரிசை நகர்ந்து ஏரியின் முறை வந்தது. ஏரி ஆபீசுக்குள் நுழைந்து, கூடத்தில் பரவி, முற்றத்தில் இறங்கி, வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் நீண்டு, எங்கே உட்காரச் சொன்னார்களோ அங்கே உட்கார்ந்துகொண்டது. தனஞ்செயன் வழக்கம்போல நிமிர்ந்து பார்க்காமல், "மனுதாரர் வந்திருக்காரா?" என்று கேட்டார். காலடியில் சில்லென்று பட்டது. குனிந்து பார்த்து, 'ஆஜர்' என்று குறித்துக்கொண்டு, "அடுத்து கள ஆய்வு நடக்கும். கூப்பிடும்போது வரலாம், அதுவரைக்கும் காத்திருக்கவும்" என்றார். ஏரி காத்திருந்தது. அதுதான் வினையே. காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிற மனுதாரரை அந்த ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை, மற்றவர்கள் வீட்டுக்காவது போய்விட்டு வருவார்கள்.

ஆபீசுக்கு அது பழகிப்போனதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பேன்ட்டைச் சுருட்டினார்கள், மறுநாள் லுங்கியில் வந்தார்கள், அந்த வாரத்துக்குள் மேஜைகள் செங்கல் மேல் ஏறிவிட்டன, டைப்பிஸ்ட் அம்மா காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு தட்டினால் பித்தவெடிப்புக்கு நல்லது என்று கண்டுபிடித்தார், ஜெராக்ஸ் கடைக்காரர் லாரி டியூப் வாடகைக்கு விட ஆரம்பித்தார், பட்டா கேட்டு வந்தவர்களும் பென்ஷன் கேட்டு வந்தவர்களும் டியூபில் மிதந்தபடியே மனுவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராகப் போனார்கள், பியூன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆவணக் காப்பறைக்குள் தூண்டில் போட்டு விரால் பிடித்தான், சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு நாரை கூடு கட்ட, நேரம் பார்க்க அண்ணாந்தவர்கள் எல்லாம் கண்ணில் விழுந்த எச்சத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் என்றால் ஏதாவது ஒரு இம்சை இருக்கத்தான் செய்யும் என்று ஜனங்களுக்குத் தெரியும், இது குளிர்ச்சியான இம்சையாக இருந்ததில் அவர்களுக்குத் திருப்திதான்.

கள ஆய்வுக்குத் தனஞ்செயன் நெட்டிப்பாக்கம் வந்தார். ஏரி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறதே, அதை அங்கேயே ஆய்வு செய்துவிடக்கூடாதா என்று அஞ்சலாட்சி கேட்டதற்கு, ஆய்வு என்பது மனுவில் கண்ட முகவரியில்தான் நடக்க வேண்டும் என்றார். மதகில் ஏறி நின்றார். கண்ணுக்கெட்டின தூரம் பள்ளம். முன்பு நடுவில் கிடந்த குட்டைகூட இல்லை, ஏரி புறப்படும்போது துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. தனஞ்செயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'மேற்படி முகவரியில் ஏரி எதுவும் காணப்படவில்லை.'

"சார், அது உங்க ஆபீஸ்ல இருக்குது சார்!"

"அது எனக்குத் தெரியும்மா. ஆனா இங்க இல்லைங்கறதும் உண்மைதானே? நான் பொய் எழுத முடியாது."

அஞ்சலாட்சி அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செல்லக்கிளி பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஏரி காய்ந்து கிடந்தபோதாவது ஒரு நாள் நிறையும் என்று சொல்லிக்கொள்ள ஏரி என்று ஒன்று இருந்தது, இப்போது அதையும் அனுப்பி வைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

டவுனிலோ ஏரியின் யோகம் உச்சத்துக்குப் போனது. தண்ணீர் தொடர்ந்து நிற்கிற இடம் ஈரநிலம் என்று விதி சொல்லுகிறபடியால், ஈரநில அனுமதிப் பிரிவின் ஆபீசே ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த கையோடு விதிகள் வந்து உட்கார்ந்தன. எல்லைக்குள் எதையும் தோண்டக்கூடாது, நகர்த்தக்கூடாது, புதிதாக வைக்கக்கூடாது. தனஞ்செயனின் நாற்காலிக்கு ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது, அதைத் தூக்கி வைக்க அனுமதி வேண்டும். அனுமதி தருகிறவர் அவரே. அவர் முறைப்படி பாரம் எழுதித் தனக்கே போட்டார், வாங்கிப் படித்தார், நாற்காலியிலிருந்து வெளியேறும் ரசாயனக் கழிவு பற்றிய சான்று இல்லாததால் தனக்கே திருப்பி அனுப்பினார். வேறு வழி? தனக்கென்று ஒரு நியாயம், ஊருக்கென்று ஒரு நியாயமா? சாய்ந்த நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்து கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. கழிப்பறைக் கதவு தண்ணீரில் ஊதிச் சாத்த முடியாமல் போனதற்கும் அதே கதிதான். அந்த ஆபீஸ் சரித்திரத்தில் முதல்முறையாக அவர், திரும்பி வந்த ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்கினார்.

கதவைத் தொட அனுமதி கிடையாதே தவிர, அழகுபடுத்த அனுமதி உண்டு. தலைநகரிலிருந்து ஆலோசகர் ஒருவர் கூலிங்கிளாஸோடு வந்து, ஒரு நோயும் இல்லாத அந்த ஏரிக்கு மீட்புத் திட்டம் போட்டார். சுற்றிலும் கான்கிரீட் கரை, கரை மேல் டைல்ஸ் பதித்த நடைபாதை, நடுவில் கலர் விளக்கோடு நீரூற்று, வாசலில் சிமென்ட்டில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கொக்கு, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க ஒரு மேடை. கோரை வளர்ந்த ஓரமெல்லாம் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது, வழித்துவிட வேண்டும் என்றார். "அப்ப பறவை எங்க உக்காரும்?" என்று பியூன் கேட்டான். "அதுக்குத்தான் கொக்கு வெக்கிறோமே" என்றார் ஆலோசகர். அந்தத் திட்டத்துக்குப் பாரம் கிடையாது, சான்று கிடையாது, ஆறு துறையும் ஒரே மூச்சில் ஒப்புதல் தந்தன. அமைச்சர் வந்து திறந்து வைக்க நாள்கூடக் குறித்துவிட்டார்கள். சிமென்ட் கொக்கு லாரியில் வந்து இறங்கிய அன்று, கடிகாரத்தின் மேலிருந்த நாரை அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அஞ்சலாட்சி வந்தது சண்டை போட. டியூபில் உட்கார்ந்து இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக்கொண்டு தனஞ்செயன் மேஜைக்கு வந்து, அதன் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"சார், எங்க ஊர்ல ஏரி இல்லன்னு எழுதிட்டீங்க. சரி. அப்ப அங்க இருக்குற பள்ளம் யாருது?"

"பள்ளம் பள்ளம்தாம்மா" என்றார் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

"அது ஈரநிலம் இல்லியா?"

"ஏரியே இல்லாத இடம் எப்படிம்மா ஈரநிலமாகும்? நம்ம பிரிவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அதுக்குள்ள மண்வெட்டி வெச்சா?"

"வெச்சா என்ன? வெட்டவெளி. அனுமதியே தேவையில்லை."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். அஞ்சலாட்சியும் நின்றாள். சண்டைக்கு என்று எடுத்து வந்திருந்த வார்த்தைகளையெல்லாம் அப்படியே வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டு, "வர்றேன் சார், உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லி, வந்ததைவிட வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள்.

ஊர் திரண்டது. ஏரி ஊரில் இல்லாத சமயம் பார்த்து ஏரியைச் சரிபண்ணிவிட வேண்டும், இது போனால் இன்னொரு சமயம் வராது என்று அஞ்சலாட்சி தெருத்தெருவாகச் சொன்னாள். மண்வெட்டியும் கூடையும் வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள், வந்ததும் முதல் காரியமாக நம் ஜனங்கள் என்ன செய்வார்கள், சண்டை போட்டார்கள். ஒருத்தர் அம்மன் தெப்பத்துக்கு நடுவில் கல் மண்டபம் வேண்டும் என்றார். ஒருத்தர் ஆலோசகரின் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு நமக்கும் ஒரு கொக்கு என்றார். தேவராசுவே, தோண்டுகிறதுதான் தோண்டுகிறோம், கரையோரம் முழுக்கக் கிணறு மாதிரி ஆழமாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் நிறைய நிற்குமே அத்தை என்றான்.

"ஆழமா தோண்டுனா மாடு எங்கிருந்து தண்ணி குடிக்கும், கோர எங்க மொளைக்கும், மீன் எங்க குஞ்சு பொரிக்கும்? அதுக்கு சரிவு வேணும் மாப்ள. ஏரி இருந்த மாதிரி இருக்கட்டும். ஒடஞ்சத அடைப்போம், அடைஞ்சதத் தொறப்போம். அதுக்கு மேல புத்திசாலித்தனம் காட்ட வேணாம்."

அவள் அப்படிச் சொன்னதில் பாதி அறிவு, பாதி பயம். ஏரி திரும்பி வந்து, இது என் வீடு இல்லை என்று வாசலோடு போய்விட்டால் என்ன செய்வது. அதனால் பழைய சரிவு பழைய சரிவாகவே இருந்தது. உடைப்பில் களிமண்ணை மிதித்து மிதித்து ஏற்றினார்கள், பனைமரத் துண்டுகளைக் குறுக்கே அடித்தார்கள், கால்வாய் முள்ளைக் கல்யாண மண்டபத்து வாசல் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து, அங்கே நின்று, மண்டபத்துக்காரரை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் அனுமதி கேட்காமல் கட்டின சுவர்தானே, அனுமதி கேட்காமலே அதில் தண்ணீர் போகிற அளவுக்கு ஒரு வழி பண்ணிக்கொடுத்தார். யாரும் யாருக்கும் பாரம் எழுதவில்லை. வானம் கருக்கத் தொடங்கியிருந்தது.

மீதி இருந்தது ஏரியைக் கூட்டி வருவதுதான். மழை மட்டும் வந்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். காய்ந்த மண் அந்த வருஷத்து மழையை மொத்தமும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும், ஏரி வந்து உட்கார்ந்தால்தான் மழை அதன் மேல் நிற்கும் என்று அஞ்சலாட்சிக்குத் தெரியும். அவள் செங்கழனிக்குப் போய், தண்ணீரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வா, போலாம். வீடெல்லாம் மெழுகி வெச்சிருக்கு" என்று கூப்பிட்டாள். ஏரி அசையவில்லை. உள்ளே கவுன்ட்டர் பக்கமாக ஒரு அலை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. இன்னும் பெயர் கூப்பிடவில்லை.

அமைச்சர் வருகிற வாரம் அது. ஏரிக்கு ஏதாவது ஆனால் வேலை போய்விடும் என்று மேலிடத்திலிருந்து தனஞ்செயனுக்கு மணிக்கொரு போன். அஞ்சலாட்சி அவர் முன்னால் போய் நின்றபோது அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே, தயவுசெய்து என்னிடம் எதையும் கேட்காதே என்கிற மாதிரி பார்த்தார்.

"சார், நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேணாம். எனக்கு வழக்கமா என்ன செய்வீங்களோ, அத ஏரிக்கு செய்ங்க, அது போதும்."

"உனக்கு நான் என்னம்மா செஞ்சிருக்கேன்?"

"திருப்பி அனுப்புவீங்க."

தனஞ்செயன் யோசித்தார். இத்தனை வருஷ சர்வீசில் எதையாவது அனுமதித்ததற்காக விசாரணைக்குப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார், திருப்பி அனுப்பியதற்காக ஒருத்தர்கூடப் போனதில்லை. நாற்காலி, கழுத்து, சாத்தாத கதவு எல்லாம் அவர் நினைவுக்கு வந்தன. மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளே நீந்திக்கொண்டிருந்த ஒரு கெளுத்தியை நகர்த்திவிட்டு, ஸ்டாம்பைத் தேடி எடுத்து, ஈரம் போக ஊதி, ஏரியின் மனு மேல் ஓங்கிக் குத்தினார். முறைப்படி படித்துக் காட்ட முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். அவன் மேஜை மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினான்:

"மனுதாரரின் கோரிக்கை இப்பிரிவின் எல்லைக்கு உட்பட்டதல்ல! எனவே மனுதாரர் தமது சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்!"

அந்த வாசகத்தைக் கேட்டு எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டு சந்தோஷத்தில் வாய்விட்டு அழுத முதல் ஆள் அஞ்சலாட்சிதான். ஏரி எழுந்தது. கூடத்திலிருந்தும் முற்றத்திலிருந்தும் தன்னைச் சுருட்டிக்கொண்டு, விராலையும் கெளுத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு, கோரையையும் நாரையையும் கூட்டிக்கொண்டு, அலமாரி அலமாரியாக நிலுவையில் கிடந்த கோப்புகளையும் மறக்காமல் அள்ளிக்கொண்டு, வந்த வழியே இடது ஓரமாக நடந்தது. அதற்கு முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அஞ்சலாட்சி நடந்தாள். பைபாஸ் ரோட்டில் பஸ்கள் ஒதுங்கி நின்றன. ஊர் எல்லையில் செல்லக்கிளி நின்றிருந்தாள், தலைச்சுமையாகப் பாத்திரச் சாக்கு. ஏரி அவளைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தில் இறங்கி, சரிவில் ஒரு தடவை புரண்டு பார்த்து, புதுக் கரையில் சாய்ந்து பார்த்து, அடங்கி உட்கார்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் சாக்கை இறக்கினாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

அமைச்சர் சொன்ன நாளில் வந்து, காய்ந்த முற்றத்தில் டேங்கர் லாரித் தண்ணீரில் ஓடிய நீரூற்றைத் திறந்து வைத்து, சிமென்ட் கொக்கோடு படம் எடுத்துக்கொண்டு போனார். ஈரநில மீட்புத் திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியதாகக் கல்வெட்டும் இருக்கிறது. தனஞ்செயனின் நாற்காலி மட்டும் இன்னும் நிமிரவில்லை. ஆபீஸ் ஈரநிலம் என்ற அறிவிப்பை ரத்துசெய்ய அவர் போட்ட மனு அவரிடமே நிலுவையில் இருக்கிறது.

நெட்டிப்பாக்கத்து ஏரி நிறைந்து, கிணறுகளில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, மார்கழி பிறந்து ஒரு காலையில் முனிரத்தினம் சைக்கிளில் வந்தான். கையில் நோட்டீஸ். அனுமதி பெறாமல் ஈரநிலத்தில் கரை அமைக்கப்பட்டதாகத் தெரியவருவதால், விளக்கம் தர நெட்டிப்பாக்கத்து ஏரி வரும் திங்கட்கிழமை நேரில் ஆஜராக வேண்டும் என்று போட்டிருந்தது. அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே மதகு மேல் ஏறி, காகிதத்தைப் பிரித்து, மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினான்.

அஞ்சலாட்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

"முனிரத்தினம், ஒன் கால்ல வேணா விழறேன். சத்தமா படிக்காத சாமி."

"முறை தலைவரம்மா" என்றான் அவன் அவள் விரல்களுக்கு இடையே.

"முறையெல்லாம் அப்புறம். மொதல்ல ஒரு வாய் டீ குடி."

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். அடுப்பில் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. செல்லக்கிளி அதில் பாலை ஊற்றினாள். அவள், தேவராசு, அஞ்சலாட்சி, முனிரத்தினம் நான்கு பேரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தபடி மூச்சுவிடாமல் இருந்தார்கள். பால் பொங்கியது. திரியவில்லை.

டம்ளரை வாங்கி, ஊதி, முனிரத்தினம் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தான். அவனும் அதே ஊர்க்காரன், அவனுக்கும் ஊரில் நல்ல டீ குடித்து வருஷக்கணக்காகிவிட்டது. பிறகு மடியிலிருந்த நோட்டீசை எடுத்து மெதுவாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மனுதாரர் ஊர்ல இல்லன்னு எழுதிடவா, தலைவரம்மா?"